ஐயரம்மாவின் இரட்டைக் கத்தி

ஐயரம்மாவிடம் எதையும் "சூப்பரா இருக்கும்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "போட்டுப் பாத்தியா?" என்பார். பார்த்தேன் என்றால், "எது பக்கத்துல வெச்சிப் பாத்த?" என்பார். அதற்கும் ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் அந்தப் பொருள் அவர் வீட்டு வாசல்படி ஏறும். குக்கர், குடை, முட்டிவலித் தைலம், புருஷனின் பிரசங்கம் எல்லாவற்றுக்கும் இதே பரீட்சைதான்.

எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வார்கள். திருத்தணிக்கு மாற்றலாகி வருகிற ஐயர்கள் சில வருடம் இருப்பார்கள், பிறகு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். இந்த ஐயரம்மாவும் அப்படி வந்து அப்படிப் போனவர்தான். நான் அந்தச் சபைக்காரி இல்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறி முருகனிடம் நாலு குறை சொல்லிவிட்டு இறங்குகிற ஆள். ஆனால் அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தவர்களைவிட எனக்கு ஐயரம்மாவை நன்றாகத் தெரியும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பெயரை மட்டும் சொல்லமாட்டேன், அவருக்குப் பிடிக்காது.

என் கடை தாலுகா ஆபீசுக்கு எதிரில். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், சாதிச் சான்று, பட்டா மாற்றம். காலையில் மூச்சு விட நேரமிருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஈ ஓட்டலாம். அந்த நேரத்துக்கென்றே பின்பக்கம் பலகைத் தடுப்பு வைத்து இரண்டு நல்ல கம்ப்யூட்டர் போட்டிருந்தேன். அவை விண்ணப்பம் போட அல்ல, என் ஆட்டத்துக்கு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு கற்பனை ராஜ்ஜியம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் நெட் வழியாக அதற்குள் போய், வாள், வில், கோடாலி எடுத்துப் பூதங்களை அடிக்க வேண்டும். சேர்ந்து அடிக்கிற கூட்டத்துக்குக் கில்டு என்று பெயர். திருத்தணி, அரக்கோணம், மணவூர், ஆந்திரா பக்கம் நகரி என்று சுற்றுவட்டாரத்து ஆட்களைத் தேடிப் பிடித்து நான் ஒரு கில்டு நடத்தினேன். நான்தான் தலைவி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஊரில் யார் யாரோ எதற்கெல்லாமோ தலைவராக இருக்கிறார்கள், நான் இருபது பேருக்கு இருந்தேன்.

ஐயரம்மா மாதாமாதம் சபைப் பத்திரிகை டைப் அடிக்க என் கடைக்கு வருவார். நாற்பது வயதுக்குப் பக்கம், காட்டன் புடவை, தோளில் துணிப்பை. வருவார், அடிப்பார், போவார். ஒரு மதியம் நான் தடுப்புக்குப் பின்னால் ஒரு கல் பூதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஆள் நிற்பது தெரிந்து திரும்பினால் ஐயரம்மா. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த வாளு ஒரு அடிக்கு எவ்ளோ?" என்றார்.

"தொள்ளாயிரம்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். கில்டிலேயே பெரிய வாள் அது.

"சரி. அடுத்த அடி விழ எவ்ளோ நேரம் ஆவுது?"

அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

"நாலு அடி அடிச்சதும் மூச்சு தீந்து நிக்கறியே, அந்த நேரத்த எதுல சேப்ப?"

அவர் துணிப்பையைக் கீழே வைத்தார். "நான் ரெட்ட கத்தி வெச்சிருக்கேன். ஒரு அடிக்கு நூத்தி எம்பதுதான். வா, பொம்மையாண்ட போலாம்" என்றார்.

கொரோனா சமயத்தில் கோயில், சர்ச்சு எல்லாம் மூடிக் கிடந்தபோது அவருடைய தம்பி ஆட்டத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். தம்பி இரண்டு மாதத்தில் விட்டுவிட்டார். அக்கா விடவில்லை.

ஆட்டத்தில் ஒவ்வொரு ஊர் வாசலிலும் ஒரு வைக்கோல் பொம்மை நிற்கும். புது ஆயுதம் கிடைத்தவர்கள் அதை நாலு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். ஐயரம்மா நாலு தட்டோடு போகிறவர் இல்லை. மூச்சு தீரும்வரை அடிப்பார், மூச்சு திரும்பும்வரை நிற்பார், மறுபடி அடிப்பார். கடைசியில் மொத்த அடியை மொத்த நேரத்தால் வகுப்பார், நின்ற நேரத்தையும் சேர்த்து. அன்றைக்கு என் வாளும் அவர் கத்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பொம்மையை அடித்தன. கத்தி என் வாளைப்போல் ஒன்றரை மடங்கு அடித்திருந்தது.

"பெரிய நம்பரு வந்தா உனுக்கு சந்தோசமா இருக்கும் இல்ல, அதுக்குதான் அப்படி செஞ்சி வெச்சிருக்கான். காட்டுற நம்பரு வேற, விழுற நம்பரு வேற" என்றார்.

இரண்டு நாள் அவர்மேல் எனக்குக் கோபம். மூன்றாம் நாள் கத்தி வாங்கினேன். நாலாம் நாள் அவரைக் கில்டில் சேர்த்தேன். போதகர் வீட்டில் எந்நேரமும் யாராவது ஜெபம் பண்ணச் சொல்லி வந்துகொண்டே இருப்பார்கள் என்பதால், மதியத்தில் என் கடைத் தடுப்புக்குப் பின்னாலேயே ஆடினார். ஐயருக்கு இதெல்லாம் தெரியும். சபைக்குத் தெரியாது. ஐயரம்மா பத்திரிகை டைப் அடிக்கப் போகிறார் என்று சபை நினைத்துக்கொண்டது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மைக்கில் பேசமாட்டார். கில்டில் மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டே ஹெட்செட்டில் கத்திக்கொண்டிருப்போம். அவர் மட்டும் சொல்ல வேண்டியதை டைப் அடிப்பார், அல்லது பக்கத்தில் இருக்கிற என் காதில் சொல்வார், நான் சொல்வேன். காரணம் மணவூர்.

மணவூரில் ரயிலடிக்குப் போகிற வழியில் ஒருவர் கோழிக்கடை வைத்திருந்தார். கில்டில் இருந்தவர்களிலேயே அதிகம் கத்துகிறவர் அவர்தான். பெரிய கோடாலி வைத்திருப்பார். ஒரு அடி ஓங்கி இறக்குவதற்குள் நாம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மணவூர்ச் சபையும் நம் ஐயரின் பொறுப்பில்தான் இருந்தது. கோழிக்கடைக்காரர் சர்ச்சுக்குப் போவது எப்போதாவதுதான். ஆனால் அவருடைய அம்மா இறந்தபோது பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பாடியவர் ஐயரம்மா. அந்தக் குரலை ஒரு தரம் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். தடித்த குரல், அதில் ஒரு சின்ன கீறல் இருக்கும்.

சாவு வீட்டில் பாடுவதுதான் ஐயரம்மாவுக்கு உயிர். சந்தோஷமாகப் பாடுவார் என்று சொல்லவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்த விசுவாசி வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஐயரம்மாவைத்தான் கூப்பிடுவார்கள், அவரும் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவார். "இத்தினி வருசத்துல எனக்கு உருப்படியா தெரிஞ்ச வேல அது ஒண்ணுதான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரில் பூதத்தை வெட்டுகிற பொம்பளையைச் சாவு வீட்டுக்கு யார் கூப்பிடுவார்கள்? அந்தப் பயம்தான் மைக்கை மூடி வைத்தது.

ஆக, கில்டுக்கு அவர் ஒரு ஆம்பளை. பெயர் கத்தி. "டேய் கத்தி, எங்கடா கீற?" என்று கோழிக்கடைக்காரர் கத்துவார். அதற்குப் பிறகு அவர் சொல்கிற வார்த்தைகளை எழுத முடியாது. ஐயரம்மா முகம் மாறாமல் "உன் பின்னாடி. குனி" என்று டைப் அடிப்பார்.

கிருத்திகையன்று எங்கள் ஊரில் நெட் இருக்காது. காவடி எடுத்து வருகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மலையடிவாரம்வரை நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன், எல்லோரும் வீட்டுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருப்பார்கள். நாம் பட்டனை அமுக்கினால் திரையில் கை எழும்ப ஒரு யுகம் ஆகும். அன்றைக்கு நாங்கள் ஆடமாட்டோம். ஐயரம்மா அன்றைக்கென்றே ஆடினார். இழுக்கிற நெட்டில் எந்த ஆயுதம் எவ்வளவு அடிக்கிறது என்று பொம்மையிடம் போய்ப் பார்த்தார். கத்தியின் வேகத்தையெல்லாம் நெட் தின்றுவிடுகிறது, ஈட்டிக்குத்தான் சேதாரம் குறைவு என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து எங்கள் கில்டில் கிருத்திகைக்கு ஈட்டி, மற்ற நாளுக்குக் கத்தி. உலகத்தில் வேறெந்தக் கில்டும் பஞ்சாங்கம் பார்த்து ஆயுதம் எடுத்திருக்காது.

வீட்டிலும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்காருவார். ஐயர் பிரசங்கம் முடித்து வீட்டுக்கு வந்து அங்கியைக் கழற்றுவதற்குள் இவர் கணக்கை ஆரம்பித்துவிடுவார். அதை ஐயரே என் கடைக்கு வந்து சொல்லிச் சிரிப்பார். "நாப்பது நிமிசம் பேசறேம்மா. அவங்க கணக்குப்படி அதுல அஞ்சு நிமிசந்தான் ஜனத்து மேல விழுதாம். மிச்சமெல்லாம் ஃபேன் காத்துல பூடுதாம்." மனிதர் பிரசங்கத்தைப் பாதியாக்கினார். புது ஐயருக்கு நல்ல ஞானம் என்று சபையில் பேசிக்கொண்டார்கள்.

எல்லாம் சிரிப்பாகவே இருந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். நகரிப் பக்கத்துக்காரர் ஒருவர் எங்கள் கில்டில் இருந்தார். தங்க வில் ஒன்று வேண்டுமென்று ஆறு மாதம் ஒரே காட்டில் திரும்பத் திரும்ப ஓநாய் கொன்றார். கடைசியில் கிடைத்தது. அன்றைக்குக் கில்டே அவருக்குப் பூச்சொரிந்தது. ஐயரம்மா அந்த வில்லை ஒரு பத்து நிமிடம் இரவல் கேட்டார். மறுநாள் கில்டு சாட்டில் எழுதினார்: தங்க வில்லும் கடையில் விற்கிற மூங்கில் வில்லும் ஒரே அடிதான், தங்க வில்லுக்கு மூச்சு அதிகம் செலவாகிறது, மூங்கிலே மேல்.

"இன்னா நைனா இப்படி சொல்லிட்ட" என்று அவர் ஒரே ஒரு வரி எழுதினார். அடுத்த வாரம் கில்டை விட்டுப் போனார். அவருக்கு வேண்டிய மூன்று பேர் அவர் பின்னாலேயே போனார்கள்.

நான் சண்டை பிடித்தேன். "எனுக்கு ஆளு வேணும் ஐயரம்மா, கணக்கு அப்பால பாத்துக்கலாம். நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வுட்ருக்கலாம் இல்ல?"

"நல்லா இல்லியே."

"அவரு சந்தோசமா இருந்தாரே."

"அத்த தூக்கிகினு போயி பூதத்து முன்னாடி நின்னா சாவப் போறது அவரு. பொய் சொல்லச் சொல்றியா என்ன?"

நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் போடப் போனேன். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அந்தச் சுகத்துக்கு இவர் பழகிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கோட்டை விஷயம் வந்தது. ஆட்டத்தில் ஒவ்வொரு கில்டும் ஒரு கோட்டைக்காகச் சண்டை போடலாம். எங்களுக்கு ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கோட்டை இருந்தது. அதை மறுபடி எங்கள் பேரில் வைத்துக்கொள்ள, குறித்த நாளில் கோட்டைக் காவலன் என்கிற பூதத்தை மணி அடிப்பதற்குள் வீழ்த்த வேண்டும். தவறினால் கோட்டை கைமாறும். ஏற்கெனவே ஆட்கள் குறைந்திருந்தார்கள். பெரிய கில்டு ஒன்று மிச்சமிருப்பவர்களையும் தன் பக்கம் இழுக்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. கோட்டை போனால் கில்டும் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்று வருடமாக ஒவ்வொரு ஆளாகச் சேர்த்தவள் நான். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காபித் தட்டோடு நின்ற நாட்களில்கூட, உள்ளுக்குள் நான் ஒரு கோட்டைக்குச் சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். எனக்கு அது வெறும் ஆட்டம் இல்லை.

ஐயரம்மா எல்லா ஆயுதத்தையும் பொம்மையிடம் கொண்டுபோய் அடித்து வரிசை போட்டார். முதலிடம் இரட்டைக் கத்தி. கடைசி இடம் கோடாலி. எல்லோரும் கத்திக்கு மாறுங்கள் என்று தலைவி உத்தரவு போட்டேன். மாறினார்கள். கோழிக்கடைக்காரர் மட்டும் மாறவில்லை.

"காலைல இருந்து கடையில கத்திதான் புடிச்சிகினு கீறேன். இங்கயும் அதேவா? என் கைக்கு கோடாலிதான்" என்றார்.

"உதவாது" என்று ஐயரம்மா டைப் அடித்தார்.

சண்டை சனிக்கிழமை மதியம். பார்த்தால் அன்றைக்குத்தான் தாலுகா ஆபீஸ் பக்கம் மாதாந்திர மின்தடை. நான் என் வீட்டிலிருந்து ஆடினேன். ஐயரம்மா போதகர் வீட்டிலிருந்து ஆடினார். யாராவது ஜெபத்துக்கு வந்தால் என்ன செய்வது? ஐயர் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களுக்கு அங்கேயே ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டாராம். "அம்மா உள்ள ஒரு வேலையா இருக்காங்க" என்று சொன்னாராம். அது பொய்யில்லை.

காவலன் இறங்கினான். காளைத் தலை, உடம்பு முழுக்க இரும்புச் சட்டை. நாங்கள் சுற்றிவளைத்துக் கத்தியால் குத்தினோம். குத்து விழுகிறது, அவன் உயிர் குறையவே இல்லை. நூற்றி எண்பது விழ வேண்டிய இடத்தில் முப்பது விழுகிறது. "வேகமா அடிங்க, வேகமா" என்று நான் மைக்கில் கத்தினேன். எவ்வளவு வேகமாக அடித்தாலும் அதே முப்பதுதான். அவன் அடித்த அடியில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். பாதி நேரம் போய்விட்டது. கோட்டை கையை விட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது, வந்ததை நான் மறைக்கவில்லை.

விஷயம் இதுதான். பொம்மைக்குச் சட்டை கிடையாது. காவலனின் இரும்புச் சட்டை ஒவ்வொரு அடியிலும் நூற்றைம்பதைப் பிடித்துக்கொள்கிறது, சுங்கச்சாவடி மாதிரி. சின்ன வண்டியில் பத்து நடை போனால் பத்துத் தடவை கட்ட வேண்டும், ஒரே லாரியில் ஏற்றிப் போனால் ஒரு தடவை கட்டினால் போதும். கத்தி ஒவ்வொரு குத்துக்கும் வரி கட்டிக்கொண்டிருந்தது. ஆயிரத்தை ஒரேயடியாக இறக்குகிற கோடாலி ஒரு தடவைதான் கட்டியது. உயிரில்லாத வைக்கோலை அடித்துப் பார்த்துவிட்டு ஐயரம்மா ஒரு கில்டையே கத்திக்கு மாற்றியிருந்தார்.

இது முதலில் புரிந்தது அவருக்குத்தான். ஆனால் இரண்டு கையும் கத்தியில் இருக்கிறது. கையை எடுத்து டைப் அடித்தால் செத்தார். காதில் வாங்கிச் சொல்ல நான் பக்கத்தில் இல்லை.

ஹெட்செட்டில் ஒரு பெண் குரல் கேட்டது.

"எல்லாரும் கத்திய போடுங்க. பையில பழசு எது பெருசா கீதோ அத்த எடுங்க. வாளு, சம்மட்டி, எதுனாலும் சரி. நான் சொன்னது தப்பு. கோடாலிதான் சரி."

ஒரு வருடமாகக் கூட ஆடிய கத்தி ஒரு பொம்பளை. திரையில் கோழிக்கடைக்காரரின் ஆள் ஓங்கிய கோடாலியோடு அப்படியே நின்றுவிட்டான்.

"இது எங்கம்மா சாவுல பாடன குரலு" என்றார் அவர், மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஐயரம்மாவா?"

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

"ஆங், நான்தான். நீ நிக்காத. அடி."

அவர் அடித்தார். எல்லோரும் பையிலிருந்து பழைய இரும்பையெல்லாம் எடுத்தார்கள். என் பெரிய வாளும் வந்தது, தொள்ளாயிரத்தில் எழுநூற்றைம்பது விழுந்தது. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் காளைத் தலை மண்ணில் சாய்ந்தது. கோட்டை எங்களுடையது.

வழக்கமாக இப்படி ஒரு வெற்றி வந்தால் காது கிழியும். அன்றைக்கு யாருமே கத்தவில்லை. கோழிக்கடைக்காரர்தான் முதலில் பேசினார்.

"ஐயரம்மா."

"சொல்லுங்க."

"ஒரு வருசமா நான் உங்கள இன்னான்னலாம் பேசிட்டேன். ஐயராண்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். ஐயரம்மாவும் சிரித்தார். கோழிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, அவர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

திங்கட்கிழமை ஐயரம்மா கடைக்கு வந்தார். ஆடவில்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லதா போச்சு ஐயரம்மா. அவரு வாயத் தொறக்க மாட்டாரு. தொறந்தா அவரு பேசன பேச்சும் சேந்து வெளிய வரும்" என்றேன்.

"அதான் எனக்குப் புடிக்கல" என்றார். "அந்த மனுசன் பயந்துகினு கீறான். அவன் பயத்துக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சிக்கணுமா? வர்ற ஞாயித்துக்கெழம பெண்கள் கூட்டத்துல நானே சொல்லிடப் போறேன்."

"அப்பால பாட கூப்புட மாட்டாங்க."

"கூப்புடாம போலாம்." துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒளிச்சி வெச்சா தெனம் கொஞ்சங் கொஞ்சமா குத்தும். சொன்னா ஒரே அடி. எனக்கு ஒரே அடி போதும்மா."

துணைக்கு வா என்றார். போனேன். சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஜெபம் முடிந்ததும் ஐயரம்மா எழுந்து நின்று, மதியத்தில் தான் எங்கே போகிறார், என்ன செய்கிறார், எதை வைத்து எதை அடிக்கிறார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். மன்னிப்பும் கேட்கவில்லை, வாதாடவும் இல்லை. கோழிக்கடைக்காரர் பெயரை எடுக்கவே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சபைச் செயலாளரின் மனைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கொஞ்ச நாளிக்கி பாட்டு வேற யாராவது பாக்கட்டும் ஐயரம்மா, ஜனம் ஒரு மாதிரி பேசும்" என்றார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று வந்தது. ஐயரம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அரக்கோணம் சாலையில் ஒரு சாவு விழுந்தது, அவரைக் கூப்பிடவில்லை. வேறொரு சாவு, அதற்கும் கூப்பிடவில்லை. ஐயரோடு அவரும் போய்ப் பின்னால் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்து என் கடையில் பொம்மையை அடித்தார். அந்த நாட்களில் அவர் கணக்குப் போடவில்லை, வெறுமனே அடித்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒரு மதியம். சேற்றுக் காட்டில் நாங்கள் ஒரு பெரிய கூட்டத்துப் பூதங்களோடு சண்டையில் இருந்தோம். ஐயரம்மா நடுவில் நின்று கத்தி வீசிக்கொண்டிருந்தார். தடுப்புக்குப் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்து திரும்பினேன். செயலாளரின் மனைவி. செருப்பில்லாமல் வந்திருந்தார், முடி அவிழ்ந்திருந்தது. கண் திரையில் ஒரு தரம் போய் ஐயரம்மா முகத்துக்கு வந்தது.

"எங்கப்பா பூட்டாரு" என்றார். "வேற யாரு பாட்டும் வாணாம். நீங்க வரீங்களா?"

ஐயரம்மா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆட்டத்தை நிறுத்தவில்லை, திரையைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்தபடி வெளியே நடந்துவிட்டார்.

திரையில் அவருடைய ஆள் இரண்டு கத்தியையும் பிடித்துக்கொண்டு சேற்றின் நடுவில் அசையாமல் நின்றிருந்தாள். பூதங்கள் அவளை நோக்கித் திரும்பின.

"ஐயரம்மா ஏன் நிக்கறாங்க?" என்று மணவூரிலிருந்து குரல் வந்தது.

"பாடப் போயிருக்காங்க" என்றேன்.

அவர் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து அவள் முன்னால் நின்றார். நான் இடது பக்கம் போய் நின்றேன். மற்றவர்களும் வந்தார்கள். ஆதாயமில்லாத சண்டை அது, அந்த இடத்தில் நிற்பதே முட்டாள்தனம். ஐயரம்மா திரும்பி வரும்வரை அவள்மேல் ஒரு அடிகூட விழாமல் பார்த்துக்கொண்டோம்.